தொப்பியை வெட்டிய படம்

என் அன்பு அப்பா,

உங்கள் முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்தது. கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் நம் சனம் முழுக்க வந்தது. நினைவுமலரில் மட்டும் நீங்கள் இல்லை.

உங்களுடைய ஒரே நல்ல படம் நீங்கள் வாசித்துவந்த ஜெர்மன்காரரின் கன்ட்ரி இசைச் சங்கத்து மேடையில் எடுத்தது. கௌபாய் தொப்பி, மடியில் கிற்றார். பெரியப்பா பார்த்ததும் சொன்னார்: "உந்தப் படத்தைப் போடேலாது பிள்ளை. சனம் சிரிக்கும்." அச்சகத்தில் தொப்பியை வெட்டினார்கள். உச்சந்தலையும் சேர்ந்து போய்விட்டது. யாரோ ஒருவரின் தலைமயிரை ஒட்டி, கோட்டும் டையும் மாட்டிவிட்டார்கள். உங்களுக்கு அவ்வளவு மயிர் எப்போது இருந்தது? "மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார்" என்று மாமி அழுதா.

சங்கமும் உங்களை நினைவுகூர்ந்தது. அவர்களுடைய சுவரில் கன்ட்ரி இசையின் முக்கிய தருணங்கள் படங்களாகத் தொங்குகின்றன. அமெரிக்காவின் பழைய வானொலி மேடைகள், புகழ்பெற்ற பாடகர்கள். கடைசியில் நீங்கள், தலையில் இறகுகளும் கன்னத்தில் சிவப்புச் சாயமுமாக. கீழே "எங்கள் செவ்விந்தியர்" என்று ஜெர்மனில் எழுதியிருந்தது.

கழற்றச் சொன்னேன். "அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தாரே" என்றார் சங்கத் தலைவர். சிரித்தீர்களா, அப்பா?

ஒரு கறுப்புப் பாடகரின் முதல் இசைத்தட்டுகளை அவர் படம் இல்லாமல் கம்பனி வானொலிகளுக்கு அனுப்பிய கதையை நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். "பாட்டுப் பிடிச்சிட்டா முகத்தைப் பாக்கமாட்டாங்கள் பிள்ளை." பார்த்தார்கள், அப்பா. பார்த்துவிட்டுத்தான் சாயம் பூசினார்கள். நம்மவர்கள் கோட்டு மாட்டினார்கள்.

இறகுப் படத்தை நானே கழற்றிக் கிழித்தேன். பொலிஸைக் கூப்பிடுவேன் என்றார் தலைவர்.

"கூப்பிடுங்கள். யாருடைய படம் என்று சொல்வீர்கள்?"

"ஜானி" என்றார். அத்தனை வருடம் அவர்களுக்கு வாசித்தீர்கள். ஞானப்பிரகாசம் என்ற உங்கள் பெயரை அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

கல்லறைக் கல் இன்னும் வைக்கவில்லை. அதில் பதிக்கவும் பெரியப்பா கோட்டுப் படத்தைத்தான் எடுத்து வைத்திருந்தார். நான் முடியாது என்றேன்.

"தொப்பிப் படத்தை வைச்சால் நான் கல்லறைப் பக்கம் வரமாட்டன்."

"வராதேங்கோ."

அம்மா எழுந்து போய் வெட்டாத அந்த மேடைப் படத்தை எடுத்துவந்து என் கையில் தந்தா. நாளை கல் வெட்டுகிறவரிடம் போகிறேன். தொப்பி இருக்கும், கிற்றார் இருக்கும், முழுப் பெயர் இருக்கும். சிரிக்க விரும்புகிறவர்கள் அங்கே வந்து, உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும். யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க நான் நிற்பேன்.

உங்கள் மூத்த மகள்