ஜன்னல் கம்பியில் சிவப்பு கிளிப்

அக்கா,

இன்று காலை சட்னிக்குத் தேங்காயும் பச்சை மிளகாயும் ஜாரில் போட்டு, மிக்ஸியைப் போடக் கையை நீட்டினேன். சமையலறைக்கு எதிரே நீங்கள் வாடகைக்கு விட்ட ஆறு ரூம்களின் ஜன்னல்களும் வரிசையாகத் தெரியுமல்லவா, அதில் மூன்றாவது ஜன்னல் கம்பியில் சிவப்பு கிளிப். கை அப்படியே நின்றுவிட்டது.

நைட் ஷிப்ட் முடித்து வந்து படுக்கிறவள், துணி காயப்போடும் கிளிப்பில் சிவப்பாக ஒன்றை ஜன்னலில் மாட்ட வேண்டும். அது உங்கள் சட்டம். அதைக் கண்டுவிட்டால் மிக்ஸி ஓடாது, குழாயடியில் பாத்திரம் உருளாது. மீன்காரர் சைக்கிளைக்கூடக் கையைக் காட்டி அடுத்த தெருவுக்கு விரட்டிவிடுவீர்கள். ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்டதற்கு, "மெஷினுக்கே ரெஸ்ட் குடுக்கறானுங்கோ, பொண்ணுக்குக் குடுக்கக் கூடாதா?" என்றீர்கள்.

சாத்தூரிலிருந்து நான் மண்ணூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்த முதல் வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் கிளிப்பை எடுக்க மறந்துவிட்டேன். ரூம் கதவோ அந்தப் பக்கத்துச் சந்தில். நான் பூட்டிவிட்டுப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டீர்கள்.

"இன்னாமே, மூணு நாளா எங்க வூட்ல சட்னியே இல்ல. நீ தூங்கிக்கினு கீறேன்னு உங்க அண்ணன் ஊறுகாய வச்சி இட்லி துன்னாரு."

"யக்கா, ஒரு மனுசி மூணு நாளாவா தூங்குவா?"

"மாசம் பூரா ஓ.டி. பாத்தவ, தூங்கட்டும்னு வுட்டுட்டேன்."

அதைச் சொல்லிச் சொல்லியே அந்த வருஷம் முழுக்க என்னைக் கேலி செய்தீர்கள்.

கம்பெனியை வேறு மாநிலத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று மைக்கில் சொன்ன மத்தியானம் நான் லைனில் இருந்தேன், நீங்கள் கேன்டீனில் சாம்பார் கரண்டியோடு நின்றீர்கள். எங்களில் சிலர் அழுதார்கள். நீங்கள் சூப்பர்வைசரைப் பார்த்து, "அப்ப நாளையிலேர்ந்து எத்தினி பேருக்கு ஆக்கறது?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. கம்பெனி பஸ் நின்றது, அதை நம்பியிருந்த டீக்கடை மூடியது. சிலர் கம்பெனியோடு புது இடத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் ஊருக்கு. ஐந்து ரூம்கள் காலி. உங்களுக்கும் வேலையில்லை. நான் மட்டும் மருந்துக்கடை ஒன்றில் நின்றுகொண்டு, அம்மா போனில் கூப்பிடும்போதெல்லாம் இதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அட்டைப்பெட்டி அடுக்க ஆறு ரூமையும் சேர்த்துக் கேட்டு ஒருவர் வந்தாரே, ஞாபகமிருக்கிறதா? அண்ணன் சரி சொல்லும் முகத்தோடு உங்களைப் பார்த்தார். கொடுத்துவிட்டால் நானும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். "ஆளு தூங்கற ரூமுய்யா இது. அட்டைக்கு இல்ல," என்று அனுப்பிவிட்டீர்கள். பிறகு என்னிடம் வந்து, "நீ போய்டாத. ஒரு ரூம்லயாவது லைட்டு எரிஞ்சாத்தான் வர்ற பொண்ணு கதவத் தட்டிக் கேக்கும்," என்றீர்கள். எனக்கு உங்கள் பேச்சில் அப்போது பாதி நம்பிக்கைகூட இல்லை. உங்களுக்காகத்தான் இருந்தேன்.

ஒருநாள் மருந்துக்கடைக்கு லீவு. நீங்கள் உச்சி வெயிலில்தான் மிக்ஸியைப் போட்டீர்கள். காலையிலேயே போட வேண்டியதுதானே, யார் தூங்குகிறார்கள் என்று கேட்டேன். "பழக்கம்டி," என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பழைய கம்பெனி இருந்த அதே ஷெட்டை இன்னொரு கம்பெனி எடுத்திருக்கிறது, அக்கா. போன மழைக்கு நீங்கள் கண்ணை மூடினீர்கள். தை பிறந்ததும் பழைய ஆட்களைத் தேடிக் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது லைனில் புதுசுகளுக்கு நான்தான் வேலை பழக்குகிறேன். அண்ணன் சேரப்பணஞ்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். நீங்கள் இருந்த வீட்டில் இப்போது நானும் அம்மாவும். போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. ஆனால் ஐந்து ரூமில் ஆள் இருக்கிறது, டீக்கடையும் திறந்தாயிற்று.

மூன்றாவது ரூம்காரி ஒடிசாப் பெண். போன வாரம் லைட்டைப் பார்த்துத்தான் வந்து கதவைத் தட்டினாள். தமிழ் இன்னும் வாய்க்கு வரவில்லை. கிளிப்பைக் கையில் கொடுத்து, கன்னத்தில் கைவைத்துத் தூங்குவதுபோல் நடித்துக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நேற்றுதான் முதல் நைட் ஷிப்ட்.

"இட்லி ஆறுது, இன்னும் என்ன பார்த்துக்கிட்டு நிக்க?" என்று அம்மா உள்ளே வந்தாள். ஜன்னலைக் காட்டினேன். ஜாரை மூடி ஓரமாக வைத்துவிட்டு ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன்.