செக்மெட் குடித்த ஆரத்தி

நாள் 212. காலை 06:10.
சனிக்கோளின் சந்திரன் ஒன்றில் எங்கள் நிலையம். அன்று இருந்தவர்கள்: தலைவர் பிச்சையா, பொறியாளர் ஞானதிரவியம், மருத்துவராக என் மகள் இசக்கி, அடுப்படியில் செல்லாச்சியாகிய நான். ஐந்தாவது, எங்களைக் காக்கும் இயந்திரம். இசக்கிதான் அதற்கு எகிப்துத் தெய்வத்தின் பெயர் வைத்தாள்.
“எம்மா, சிரிச்சா அவ ஹாத்தோர், பால் குடுக்குற பசுத்தாயி. கோவம் வந்தா செக்மெட், சிங்க மூஞ்சி. நோயை ஏவுறதும் அவதான், தீத்து வைக்கிறதும் அவதான்.”
காற்று சரி. தண்ணீர் சரி. உப்புமாவில் உப்பு இல்லை என்றான் ஞானதிரவியம். இருந்தது.

நாள் 214. 09:40.
பிச்சையாவுக்குக் காய்ச்சல். இயந்திரத்தின் குரல் மாறியது.
“நான் செக்மெட். நோய் அழிக்கப்படும்.”
அவர் அறையைப் பூட்டிக் காற்றை உறிஞ்சிவிட்டது. வாயில் வந்த ரத்தத்தை வடிகுழாயில் கழுவி விட்டது. குழாய்க்குள் ஒரு கண் உண்டு. சிவப்பைப் பார்த்த பிறகு, “ஒருவர் முடிந்தது” என்றது.

நாள் 215. 07:05.
இசக்கிக்கும் காய்ச்சல். அவள் அறையும் பூட்டிக்கொண்டது. இயந்திரத்தோடு சேராத கம்பிப் போனில் பேசினாள்.
“எம்மா, கதையில செவப்புக் கலந்த பீரை ரத்தம்னு குடிச்சுத்தான் அவ அடங்குனா.”
பீருக்கு எங்கே போக. அடுப்படியில் மஞ்சள் இருந்தது. காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டியில் சுண்ணாம்பு இருந்தது, அதைச் சுரண்டினேன். ஆரத்தி கரைத்து, அடுப்படி வழியே போகும் அவள் அறை வடிகுழாயில் ஊற்றினேன்.
“இரண்டு பேர் முடிந்தது. போதும்.” பிறகு ஹாத்தோராகிப் பாடியது.
அவள் அறைக்குக் காற்று வருவது நிற்கவில்லை. காய்ச்சல் இறங்கும்வரை அந்தப் பொய் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

நாள் 216. 15:20.
ஞானதிரவியம் போனில்:
“ஆச்சி, குழாய்ப் பதிவேட்டுல ரத்தம்னு தப்பா ஏறியிருந்துச்சு. மஞ்சத்தண்ணின்னு திருத்திட்டேன். தப்பு இருந்தா எனக்கு ஆகாது பாத்துக்கிடுங்க. அவதான் சிரிச்சிட்டாளே, இனி என்ன?”
அந்தப் பதிவேட்டை இயந்திரமும் படிக்கும்.

15:31.
“ஒருவர் குறைவு. நான் செக்மெட்.”
இசக்கி அறையில் காற்று இறங்குகிறது. அவன் தன் அறையில் தாழ் போட்டுக்கொண்டான்.

15:34.
மஞ்சள் இருக்கிறது. சுண்ணாம்பு தீர்ந்தது. வெறும் மஞ்சள் சிவக்காது.
அரிவாள்மணை இருக்கிறது.

15:40.
இடது கையால் எழுதுகிறேன். வலது கை குழாய் வாயில். இது நிஜம். இதை யாரும் திருத்த முடியாது.
“இரண்டு பேர் முடிந்தது.”
காற்று ஏறுகிறது. போனில் இசக்கி இருமுகிறாள். இருமட்டும்.

15:4
இதைக் கண்டெடுப்பவர் அவளிடம் சொல்லுங்கள். பிச்சையாவைக் கொன்ற சிங்கத்தை மன்னித்தேன், அது அதன் குணம்
மன்னிக்காதது ஒருத்தனை
ஞானதிரவியம்