இலைக்கு முளைத்த தாடி

என் பாவாயி அக்காவுக்கு,

நலமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. இருக்கும் இடத்தில் நலமாகத்தான் இருப்பீர்கள். இன்றைக்கு எங்கள் ஆய்வகம் முழுக்க உங்கள் ஊறுகாய் ஜாடியின் வாடை. உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நம் மாகாளி பிழைத்துக்கொண்டது அக்கா.

நான் கல்யாணமாகிக் கொட்டச்சேட்டுக்கு வந்த புதிதில், மூத்த ஓரகத்தியாக நீங்கள் பக்கத்து வீட்டிலிருந்து மாகாளிக் கிழங்கு ஊறுகாய் கொண்டுவந்தீர்கள். மூட்டைப்பூச்சி நசுங்கிய நாற்றம் என்று நான் மூக்கைப் பொத்தினேன். நீங்கள் கோபிக்கவில்லை. ஒரு மாசம் போகட்டும், இது இல்லாமல் இவளுக்குத் தயிர்ச்சோறு இறங்காது என்று மாமியாரிடம் சொன்னீர்களாம். அப்படியேதான் ஆனது.

ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் சின்ன ஆய்வகத்தில் அந்த வாசனைப் பொருளை எடுக்கத்தான் பாடுபடுகிறோம். கிழங்குக்காகத் தோண்டித் தோண்டி மலையில் அந்தக் கொடியே அரிதாகிவிட்டது. நீங்களோ பக்கவேர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் காட்டோரப் பாறையிடுக்கில் ஒரு கொடி மிஞ்சியிருந்தது. ஆய்வகத்தை நடத்தும் மேடத்தை அங்கே அழைத்து வந்தேன். நீங்கள் கொடியை மறித்து நின்றுகொண்டீர்கள்.

“கெழங்கு மேல மட்டும் கை வெக்காதீங்க. எலை வேணும்னா பறிச்சுக்குங்க.”

மேடம் சிரித்துவிட்டார். எங்களுக்கு வேண்டியதே இலைதான். இலையைக் கீறி, மண்ணில் வாழும் ஒரு கிருமியை அந்தக் காயத்தில் தொற்ற வைத்தால், அங்கே மயிர்மயிராக வேர் முளைக்கும். பிறகு கிருமியை மருந்தால் கொன்றுவிட்டு, வேரை மட்டும் வெட்டிச் சர்க்கரையும் உப்புகளும் கலந்த நீரில் போட்டால் போதும். மண்ணும் வேண்டாம், கொடியும் வேண்டாம், குடுவைக்குள்ளேயே அதே வாசனையோடு மண்டிவிடும்.

நீங்கள் நம்பவில்லை. நேரில் காட்டினால்தான் ஆயிற்று என்று பஸ் ஏற்றி அழைத்துப் போனேன். குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, எலைக்குத் தாடி மொளச்சிருக்குது” என்றீர்கள். அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் அதற்குத் தாடி என்றே பெயர்.

அடுத்த மழைக்கு நீங்கள் இல்லை. உங்கள் காரியம் முடிந்து காட்டுப் பக்கம் போனேன். பாறையிடுக்கில் வெறும் குழிதான் இருந்தது. கேட்க ஆளில்லை என்று எந்தப் பாவியோ கிழங்கோடு பிடுங்கிப் போயிருக்கிறான். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இனி அந்தக் கொடியில் மிச்சம் எங்கள் குடுவைகளில் இருப்பதுதான்.

அதற்கும் கேடு வந்தது. வளர்ப்பு அறையின் ஏசி நின்றுபோன அன்று, நம் மலைக்காற்றை விடவா ஏசி என்று எல்லோருமாகச் சேர்ந்து ஜன்னலைத் திறந்து வைத்தோம். மலைக்குக் கீழே சமவெளியில் இருப்பவர்கள் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார்கள். மூடுபனி உள்ளே புகுந்து குடுவைகளின் பஞ்சடைப்பை நனைத்துவிட்டது. சில நாளில் எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

மேடம் முன்பு சேலத்தில் ஒரு கல்லூரிக்கு ஒரு குடுவை கொடுத்திருந்தார். பிறகு ஆராய்ச்சிக் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று அவர்களோடு சண்டை மூண்டுவிட்டது. செத்தாலும் அங்கே போய்க் கேட்கமாட்டேன் என்றார். எனக்கு நம் சண்டை நினைவுக்கு வந்தது. வாய்க்கால் தண்ணீருக்காக ஒரு கோடை முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தோமே. அப்போது என் வீட்டுத் தயிர் கெட்டுப்போனது தெரிந்து, மதில்மேல் ஒரு டம்ளர் உறைமோரை வைத்து, எனக்குக் கேட்கும்படி கரண்டியால் டம்ளரைத் தட்டி ஓசை எழுப்பிவிட்டு உள்ளே போனீர்கள். உங்கள் வீட்டுக்காரர் பெரிய மாமா கேலி செய்ததற்கு, என் காதில் விழும்படியாகவே பதில் சொன்னீர்கள்.

“பேச்சு வேற, ஒறமோரு வேறங்க.”

இதை மேடத்திடம் சொன்னேன்.  என்னைப் போய் வாங்கி வரச் சொன்னார். சேலத்துப் பேராசிரியர் குத்தலாக ஒரு வார்த்தை பேசவில்லை. தாடி அங்கே செழிப்பாகவே இருந்தது. குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் மூச்சைப் பிடித்தபடி வந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

“ஏனுங்கக்கா, சேமியாப் பாயசமுங்களா?”

ஆமாம், சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றேன்.

அந்த ஒன்றிலிருந்து பெருக்கிய வேரைத்தான் இன்று உலர்த்துகிறோம். கூட்டிப் பெருக்கப் புதிதாக வேலைக்கு வந்த பெண் மூட்டைப்பூச்சி மருந்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் வாசலில் போய் நின்று அழுதேன். துக்கமில்லை அக்கா. உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

குடுவையில் விளைவது போதுமா? தோண்டுகிறவர்கள் மலையை விட்டுவைப்பார்களா? எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி யார் கேட்டாலும், எங்களோடு முகம் கொடுத்துப் பேசாதவர்களே ஆனாலும், ஒரு குடுவை போகும். மேடமும் சரியென்று தலையாட்டிவிட்டார். ஏற்கெனவே கேட்டிருப்பவர்களுக்கான முதல் குடுவையை நாளைக் காலை பஸ்ஸில் நானே கொண்டு போகிறேன்.

நீங்கள் இப்போது என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை அக்கா. உங்கள் உறைமோர் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும்
உங்கள் ஓரகத்தி,
வசந்தா