பீடத் துணியில் என் பெயர்

நேற்று புது ஆயர் ஆலயத்துப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, “இது நீங்க குடுத்ததாமே, வச்சிக்கிங்க” என்று அந்தச் சிவப்புப் பட்டுத் துணியை என் கையில் கொடுத்தார். ஒரே அந்துருண்டை வாசனை. சிலுவைக்குக் கீழே விரலை ஓட்டினேன். ஊசித் தடம் இன்னும் இருக்கிறது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். என் மனைவி டைபாய்டில் கிடந்து பிழைத்ததற்கு, பீடத்துக்குப் பட்டு விரிப்பு தருவதாகப் பொருத்தனை செய்திருந்தேன். நானே தறியில் உட்கார்ந்து நெய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைக்காரர் கேட்டால் சேலை முந்தி ஓரத்தில் அவர் பெயரை நெய்து கொடுத்துப் பழகிய கை. சபையார் பார்க்கும் பக்கத்தில் என் பெயரையே சரிகையில் போட்டுவிட்டேன்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் அதைப் பீடத்தில் விரித்தது நீதான். ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை வேலை உனக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்து நாம் கூட்டாளிகள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். நீ மட்டும், “இன்னாடா, சிலுவ சின்னதா கீது, உன் பேரு பெருசா கீது. இது யாருக்குக் குடுக்கற?” என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. “குடுக்க ஒண்ணுமில்லாதவன் பொறாமையில பேசற பேச்சு” என்றேன், அத்தனை பேர் முன்னால். பாவி, எப்படி வாய் வந்ததோ. உன் முகம் சுண்டிப்போயிற்று.

ஒரு மாதம் பேச்சில்லை. திருவிருந்து ஞாயிறு வந்தது. பீடத்தருகே முழங்காலிட்டு நிமிர்ந்தால் கண்ணெதிரே என் பெயர். என் பெயரையா கும்பிடுகிறேன்? அப்பத்தை வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் நீயே வீட்டுக்கு வந்தாய். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்குமுன் நீ முந்திக்கொண்டாய்.

“நீ சொன்னதுல பாதி நெசம்டா. நீ பட்டு குடுக்கற, நான் பெருக்கிகினு கீறேன்னு பொறாமையாத்தான் இருந்துச்சி. ஆனா நான் சொன்னது பொய்யில்ல.”

நான் அழுதுவிட்டேன். உன் மனதிலிருந்த அழுக்கை நீயே எடுத்துக் காட்டிய பிறகு, உன்னை நம்பாமல் எப்படி இருப்பது? ஆலயத்திலிருந்து துணியை வாங்கி வந்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, சரிகையை இழை இழையாக ஊசியால் உருவினோம். “நெய்யறதுக்கு ஒருத்தர், பிரிக்கறதுக்கு ரெண்டு பேரா?” என்று என் மனைவி சிரித்தது காதிலேயே இருக்கிறது.

நீ போய் ஆறு மாதமாகிறது. உன் நினைவாக ஆலயத்துக்கு ஒரு பெஞ்சு செய்யச் சொல்லியிருக்கிறேன். “யார் பேருங்க போடணும்?” என்று தச்சர் கேட்டார். உன் பெயரைச் சொல்ல நினைத்தால், அதற்குக் கீழே என் பெயரும் வந்து நிற்கிறது. இந்த வயதிலும்! வெட்கப்பட்டுப்போய், “பேரே வேணாங்க” என்றேன்.

“எவ்ளோ பெரிய மனசுங்க உங்களுக்கு” என்றார் அவர். வீடு வந்து சேரும்வரை அந்தப் பேச்சு எனக்கு இனித்துக்கொண்டே இருந்ததடா.

இது யாருக்குக் குடுக்கற என்று இப்போது நானேதான் கேட்டுக்கொள்கிறேன். நானே சொல்லும் பதிலைத்தான் நம்ப முடியவில்லை.