இத்தா வீட்டில் காய்ச்சிய மை

ஜூலை 10, திங்கள்

காலையில் தூறல். இரத்தோட்டை மலை மூடிக் கிடக்கிறது. விறகெல்லாம் ஈரம்.

இது நாவற்பழ மை. எழுதிப் பார்க்கத்தான் எழுதுகிறேன். சும்மா கோடு கிழிக்கிற நேரத்துக்கு நடந்ததை எழுதினால் என்ன. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. யார் பார்க்கப் போகிறார்கள்.

கடைகளில் மை இல்லை. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வருவதில்லை. மகள் நஜீமா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிற மைக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி எழுதி, இப்போது வாசிக்க முடியவில்லையாம். மாத முடிவில் சோதனை. நான் காய்ச்சித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இத்தாவில் இருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை. நஜீமா வாப்பா மவுத்தாகி, அவரை அடக்கி மூன்று மாதம் ஆகப் போகிறது. நாலு மாதம் பத்து நாளைக்கு வெள்ளைச் சேலை. வாசல் தாண்டக் கூடாது. பட்டு, அத்தர், மருதோன்றி ஒன்றும் ஆகாது. மை காய்ச்ச ஆகாது என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லவில்லை.

நல்ல ஊதா நிறம். பளபளப்புக்குக் கொஞ்சம் சீனி போட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

வெயில். தலையணை எல்லாம் காயப் போட்டேன்.

நஜீமா ஒரு கொப்பியைத் தூரப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"உம்மா, ஒங்கட மைய எறும்பு வாசிக்குது."

கொப்பி முழுக்க எறும்பு. கணக்கில் விடை இருந்த இடத்தில் எல்லாம் ஓட்டை. சீனி போட்ட வினை. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு அவருடைய மேசைப் பக்கம் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் பேனாவை உதறுகிற பழக்கம். மேசைக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க நீலப் புள்ளி. எத்தனை ஏச்சு ஏசியிருப்பேன். பெருநாளைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்கிறாள் நஜீமா. அந்தச் சுவரை விட்டுவிட்டு அடிக்கச் சொல்ல வேண்டும்.

ஜூலை 12, புதன்

பகல் முழுதும் காற்று. எங்கள் கமுகு நாலைந்து குலை உதிர்த்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்துச் சோமா தன் வளவில் விழுந்ததையும் சுளகில் அள்ளித் தந்தாள். சட்டியை எட்டிப் பார்த்து,

"அக்கே, இன்னிக்கி என்ன கறி?"

"மை, சோமா."

"நல்லம். கறின்னு சொல்லி யாருக்கும் குடுக்க வேணாம்."

மறந்துபோகாமல் இருக்க:

பச்சைப் பாக்கு. உடைத்து, கையால் நல்லாகப் பிசைந்து ஊற வைக்க வேண்டும். பிறகு கொதிக்க வைத்து வடி.
கறள் பிடித்த ஆணி, வினாகிரியில் ஊறினது. அந்தத் தண்ணீர்.
விளாம்பிசின். இல்லாவிட்டால் தாளில் ஓடுகிறது.
கராம்பு இரண்டு. பூஞ்சணம் பிடிக்காது.
சீனி வேண்டாம்!!

பாக்குச் சாறு சிவப்பு. ஆணித் தண்ணீர் பட்டதும் கறுப்பு. கண் முன்னால் மாறுகிறது. நான் சட்டி முன்னால் குந்தி இருந்து "சுப்ஹானல்லாஹ்" என்றேன். இந்த வரி எல்லாம் அந்த மைதான்.

விரல் நுனி, உள்ளங்கை எல்லாம் சிவந்துவிட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை.

ஜூலை 13, வியாழன்

மைனி வந்தார். நஜீமா வாப்பாவுக்கு மூத்தவர், அவருடைய ராத்தா. ஞாயிற்றுக்கிழமை கலேவெலயில் கல்யாணமாம், புதுச் சேலை காட்ட வந்தவர். தேத்தண்ணி நீட்டினேன். கோப்பையை வாங்கவில்லை. என் விரலையே பார்த்தார்.

"மருதோண்டியா?"

"அல்லாஹ்வே! மை, மைனி. பாக்கு மை."

"பாக்குல இப்பிடிச் சிவக்குமா? எனக்கே கதை சொல்றா. எங்கட தம்பி மண்ணுக்குள்ள போய் எத்தன நாள் புள்ள?"

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். சேலை கூடக் காட்டவில்லை.

ஜூலை 14, வெள்ளி

எலுமிச்சம்புளி, சாம்பல், தேங்காய்த் தும்பு. தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிகிறது. சிவப்பு அப்படியே.

பாண் கடையில் யாரோ சோமாவைக் கேட்டார்களாம், அடுத்த வீட்டு அக்கா மருதோண்டி போட்டாவா என்று. அதற்குள் பேச்சு அவ்வளவு தூரம். கலேவெலக்கும் போயிருக்கும். அங்கே கல்யாண வீட்டில் எல்லாச் சொந்தமும் கூடும். புருஷன் போன சோகம் கூட இல்லாதவள் என்று பேர் விழுந்தால் அதை எதைப் போட்டுக் கழுவுவது. நஜீமாவையும் அல்லவா சேர்த்துப் பேசுவார்கள். சோறு இறங்கவில்லை.

நஜீமாவை அனுப்பி மைனியைக் கூப்பிட்டேன். அசர் தொழுகைக்குப் பிறகு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்னால் பாக்குச் சட்டியை வைத்தேன்.

"நீங்களே பிசைஞ்சு பாருங்க மைனி."

"ஓ, பிசையிறேன். பொய்யின்னா ஒன்ட மூஞ்சிலயே பூசுவேன்."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கை வரை இறங்கிவிட்டார். கோபத்தில் நல்லாகப் பிசைந்தார், எனக்குக் கூட அவ்வளவு வராது. எடுத்துப் பார்த்தார். சிவப்பு. கழுவுவதற்குப் பக்கத்தில் இருந்த வாளியில் இரண்டு கையையும் முக்கினார்.

"மைனி, அது ஆணித் தண்..."

"யா அல்லாஹ்!"

முழங்கை வரை கறுப்பு. நஜீமா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து ஒரு சட்டி விழுகிற சத்தம்.

"நாளன்னைக்கி கல்யாணமடி! நான் எப்பிடிப் போற!"

ஜூலை 15, சனி

சோதனைக்கு எட்டுப் போத்தல் நிறைந்தது. மைனி கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்று படுத்திருக்கிறாராம். மைனியின் புருஷன், மச்சான், கெஞ்சுகிறாராம். பாவம். (எனக்குச் சிரிப்பும் வருகிறது.)

ஜூலை 17, திங்கள்

கடைசியில் மச்சான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். மைனி கலேவெலயிலிருந்து நேரே இங்கே. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக் கூடப் போகவில்லை. கை இன்னும் கறுப்பு.

சேலைத் தலைப்புக்குள் கையை ஒளித்துக்கொண்டே இருந்தாராம். சாப்பாட்டுக்கு ஒளிக்க முடியுமா. ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கை போட வேண்டும். மைனி கை போட்டதும் மூன்று பேர் எழும்பிவிட்டார்களாம்.

"அதுல ஒருத்தி கேக்குறா, தம்பி பொஞ்சாதி மருதோண்டி போட்டான்னு நீங்கதானே சொன்னீங்க, நீங்க என்ன போட்டீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ற! எழும்பி நின்டு கத்தினேன். மை! எங்கட ரெண்டு பேர் கையிலயும் மை! அவ மேல ஒரு குத்தமும் இல்ல, புத்தி இல்லாம பேசினது நான்தான்னு. மாப்புள வீட்டு ஆளுக கூட வந்து எட்டிப் பாத்தாங்க."

மைனி என் பக்கம் பார்க்காமல்,

"மூணு பேர் போனதும் நல்லதுதான். கோழி எல்லாம் எங்களுக்கு" என்றார்.

பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். மைனி தம்பிக்காக, நான் நஜீமா வாப்பாவுக்காக. பிறகு தேத்தண்ணி. இந்தத் தடவை இரண்டு கோப்பை குடித்தார்.

கல்யாண வீட்டிலேயே மூன்று பேர் மை கேட்டார்களாம், பிள்ளைகளுக்கு. தருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், என்னைக் கேட்காமல். அடுப்படியில் பாக்கு உடைக்கிற சத்தம். ஆணி வாளி எங்கே என்று கத்துகிறார். போய் மூடி வைக்க வேண்டும், மறுபடி கையை முக்குவதற்குள்