பேய் வரும் முப்பத்தெட்டாவது நொடி

அனுப்புநர்:
சலூன் உரிமையாளர்,
நாற்சந்தி முனை
(தற்சமயம் பூட்டிய கடையின் வாசல்).

பெறுநர்:
உயர்திரு உரிமப் பிரிவு அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சலூன் எதிரேயுள்ள மின்திரையில் முன்னறிவிப்பின்றி டிரெய்லரை மாற்றியது – அதனால் விழுந்த கடைப் பூட்டைத் திறக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அனுமதியுடன் நாற்சந்தியில் வைத்த மின்திரை, என் கடைக் கண்ணாடியில் முழுசாகத் தெரிகிறது. நாற்காலியில் உட்காருபவர் தன் முகத்தைப் பார்ப்பதில்லை, டிரெய்லர் பார்க்கிறார். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித் தெரிவதால், படம் வெளியாகும் தேதியைப் படிக்கச் சட்டென்று தலையைத் திருப்புகிறார். என் கையில் கத்தி இருப்பது அவர் நினைவில் இருப்பதில்லை.

2. இதற்கும் பழகிக்கொண்டேன். பேய்ப் பட டிரெய்லரில் முப்பத்தெட்டாவது நொடியில் பேய் வரும், நாற்பத்தைந்தில் தேதி வரும். முப்பத்தாறிலேயே கத்தியை எடுத்துவிடுவேன். காத்திருப்பவர்களே, "அண்ணே, பேய் வரப்போகுது, கையை எடுங்க" என்று குரல் கொடுப்பார்கள். நான்கு வாரத்தில் ஒரு காதுக்கும் சேதமில்லை.

3. கடந்த 6-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் டிரெய்லரை மாற்றிவிட்டார்கள். புதியதில் பன்னிரண்டாவது நொடியிலேயே வெடிகுண்டு. நானோ பேய்க்காக எண்ணிக்கொண்டே மீசை ஓரத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். குண்டு வெடித்தது, தேதி வந்தது, நாற்காலியில் இருந்தவர் திரும்பினார். வலப்பக்க மீசை துண்டில் விழுந்தது.

4. அந்த மீசை தங்களுடையது என்பதை மிகுந்த பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

5. மறுநாளே "சுகாதாரக் குறைவு" என்று எழுதிக் கடையைப் பூட்டினீர்கள். ஐயா, என்ன குறை கண்டீர்கள்? தாங்கள் பார்க்கத்தானே புது பிளேடு மாற்றினேன்? ஒரு சொட்டு ரத்தம் வரவில்லையே. பன்னிரண்டு நாளாக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபது வருட வாடிக்கையாளர் ஒருவர் வேறெங்கோ முடி வெட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டு மறைத்தபடி நேற்று என்னைக் கடந்து போனார். "அந்தாளு மீசையை முழுசா எடுத்திருந்தா இந்த வம்பே இல்லை" என்கிறாள் என் மனைவி. இது அவள் கருத்து; என்னுடையது அல்ல.

6. திரையை அகற்றச் சொல்லவில்லை. எனக்கும் சினிமா பிடிக்கும். டிரெய்லர் மாறும்போது எந்த நொடியில் பேய், எந்த நொடியில் குண்டு, எந்த நொடியில் தேதி என்று ஒரு நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்கவும், என் கடைப் பூட்டை உடனே எடுக்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

7. அன்று தாங்கள் திரும்பியும் படிக்க முடியாமல் போன தேதி: அடுத்த மாதம் பதினொன்று. அதற்குள் மீசை வளர்ந்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக ஒதுக்கிவிட நான் இருக்கிறேன், கடை திறந்திருந்தால்.

இடம்: கடை வாசல், ஸ்டூல்
நாள்: 18, புதன்கிழமை

தங்கள் மீசைக்கு என்றும் கடமைப்பட்டுள்ள,
(ஒப்பம்)
சலூன்காரர்