ஈபிள் கோபுரத்தின் அடியில் நின்றவனுக்கு

இன்று காலை லா சப்பலில் நம் தமிழ்க் கடை ஒன்றில் மட்டன் றோல்ஸ் வாங்கினேன். கடதாசிப் பையில் எண்ணெய் ஊறி, ரயிலில் மணம் கிளம்பியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. கனடாவிலிருந்து என் சித்தப்பா குடும்பம் வந்திருக்கிறது. கோபுரம் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். பைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை, மச்சான்.

பாரிஸில் ஸ்டாலின்கிராட் மெத்ரோ பக்கத்து அறையில் நாம் இருவரும் இருந்த காலத்தில், லண்டன், ஜெர்மனி என்று யார் வந்தாலும் நம் தலையில்தான் கட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை உணவகத்துக்கு விடுமுறை. வாரம் முழுக்கச் சட்டி கழுவிய கையோடு நாம் பாரிஸ் காட்டக் கிளம்புவோம். அங்கே சாப்பாடு யானை விலை என்று நீ முதலில் றோல்ஸ் கட்டுவாய். கோபுரத்தடிக்கு வந்ததும் எல்லோருடைய பைகளையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வாய்.

"நீங்கள் ஏறிட்டு வாங்கோ. பையளை ஆர் பாக்கிறது?"

நாங்கள் இறங்கி வந்தால் விடமாட்டாய். ஆறு எந்தப் பக்கம்? எங்கட கடையள் தெரியுதோ? ஒவ்வொருவராகப் பிடித்து வைத்துக் கேட்பாய். என்னிடமும் கேட்பாய். எனக்குக் குளிர், பசி. "கட்டிடம்தான், வேறை என்ன? காத்து காதை அடைக்குது" என்று சொல்லிவிட்டு றோல்ஸ் பையைப் பறிப்பேன்.

"டேய், வடிவாச் சொல்லடா" என்பாய். எனக்கு எரிச்சல் வரும்.

ஒரே ஒரு முறை உன்னை வரிசையில் நிறுத்தினேன். 2009, ஊரில் சண்டை முடிந்த கோடை. உன் மனைவி உயிரோடு முகாமில் இருக்கிறாள் என்று தெரியவந்த வாரம். சந்தோஷத்தில் நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். விருந்தாளி இல்லை, பைகள் இல்லை, சாக்கும் இல்லை. ரிக்கெற் கொடுக்கும் இடம் கிட்டத்தில் வந்தபோது நீ வரிசையை விட்டு விலகினாய்.

"அவள் அங்கை தண்ணிக்கு வரிசையிலை நிக்கிறாள். நான் இஞ்சை வேடிக்கை பாக்க வரிசையிலை நிக்கிறனே. அவள் வரட்டும் மச்சான், ரெண்டு பேருமா ஏறுறம்."

 நானும் வரிசையை விட்டு உன்னோடு திரும்பி வந்தேன்.

அவளுடைய விசா வருடக்கணக்கில் இழுபட்டது. நீ அதற்குள் மாரடைப்பில் போய்விட்டாய், அட பாவி. உன் இறுதிக் கிரியையை அவள் அங்கிருந்து தொலைபேசியில்தான் பார்த்தாள்.

போன கோடையில், பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அவள் வந்தாள். வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணை, என்னை அந்தக் கோபுரத்திலை ஏத்தி விடுவீங்களோ?"

மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

"இவர் சொன்ன மாதிரியே இருக்கு. படகெல்லாம் செருப்பு மிதக்கிற மாதிரி. அந்த வெள்ளைத் தேவாலயத்துக்கு வலப்பக்கம்தானே உங்கட கடையள்? முகாமிலை எந்த நேரமும் அழுகைச் சத்தம் அண்ணை. ஆரின்ரையோ ஃபோனிலை களவா இவரோடை கதைப்பன். ஏறின கதையைச் சொல்லுங்கோ எண்டு கேப்பன். ஒவ்வொருக்கா ஏறேக்கையும் புதுசா ஒண்டு சொல்லுவார்."

படகைச் செருப்பு என்று சொன்னது ஜெர்மனியிலிருந்து வந்த மாமி. தேவாலயத்தைச் சொன்னது அவருடைய மகன். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் பிடுங்கி நீ அவளுக்கு அனுப்பியிருக்கிறாய். 

"காத்து காதை அடைக்கும் எண்டும் சொன்னவர்" என்றாள்.

என்னுடையது அது ஒன்றுதான். எத்தனை முறை ஏறினேன், உனக்குக் கொடுத்தது அவ்வளவுதான். ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால், குளிரில் விறைத்தாலும் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்து வந்திருப்பேனே.

"இவர் எந்த இடத்திலை நிக்கிறவர் அண்ணை?"

நான் வடக்குப் பக்க மூலையைக் காட்டினேன். "இதிலைதான் தங்கச்சி. எப்பவும் இதிலைதான்."

அவள் அங்கே போய் நின்றாள். முந்தானையை இழுத்துத் தலையைப் போர்த்துக்கொண்டு, வெகுநேரம் அசையாமல் நின்றாள். நான் கூப்பிடவில்லை.

இன்றும் ஏறினேன். சித்தப்பா வீட்டார் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் உன் மூலைக்குப் போனேன். மழை விட்ட நேரம். தகரக் கூரைகள் எல்லாம் நம் கழுவிய சட்டிகளைப் போல மினுங்கின. லா சப்பல் பக்கம் மட்டும் ஒரு துண்டு வெயில் விழுந்திருந்தது. பாலத்தின் மேல் மெத்ரோ ஒன்று புழுவாக ஊர்ந்து போனது.

இறங்கி வந்து, நீ நிற்கும் இடத்தைப் பார்த்தேன். வடிவாய்ப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன், மச்சான். கேள்.